மகன் கடலுக்கு அப்பால், மனை பெருங்களத்தூரில்!

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால் பெருங்களத்தூர் வரும். தென் மாவட்டங்களுக்குப் போகிற பஸ்களுக்காக ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு பல வருஷ காலம் காத்து நின்ற இடம் அது.

ரோட்டை விட்டு இறங்கி உள்ளே நடந்து பாருங்கள். வீடு, மாடி வீடு, அடுக்கு வீடு என்று வரிசையாக இருக்கும். நடுவிலே ஒரு காலி மனை. சுற்றிலும் முள் கம்பி. உள்ளே வேலிக்கருவை. கம்பியில் ஒரு தகரப் பலகை தொங்கும்.

"இந்த மனை விற்பனைக்கு அல்ல."

விற்கிறவர்கள் பலகை வைப்பது உண்டு. விற்காதவர் பலகை வைப்பானேன்?

பயம்தான் காரணம். சொந்தக்காரர் ஊரில் இல்லை. துபாயிலோ, சிங்கப்பூரிலோ, அமெரிக்காவிலோ இருக்கிறார். தான் இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர் "இது என் மனை" என்று காட்டி விற்றுவிடக் கூடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைக்கிறார்.

பலகை நல்லதுதான். ஆனால் பத்திரம் எழுதுகிறவர் மனைக்கு வருவது இல்லை. அவர் போவது பதிவு ஆபீசுக்கு!

வெளிநாட்டில் இருப்பவர் முன்பின் தெரியாத மோசடிக்காரனிடம் சொத்தை இழப்பது உண்டு. தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு காகிதத்தால் இழப்பதும் உண்டு. இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறோம். அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

கிராமம் மாநகரம் ஆன கதை

பெருங்களத்தூர் ஒரு காலத்தில் கிராமம். பிறகு பேரூராட்சி ஆயிற்று. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. பெருங்களத்தூரும் பக்கத்து பீர்க்கன்கரணையும் அந்தப் பேரூராட்சிகளில் இரண்டு.

2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். அது பெருங்களத்தூரில் இருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

அப்பா தவணை கட்டி வாங்கிய மனை, இன்று பிள்ளைகளின் பல வருஷச் சம்பளத்துக்குச் சமம். அந்தப் பிள்ளைகளோ கடலுக்கு அப்பால். விலை ஏறிய மனையும், ஊரில் இல்லாத சொந்தக்காரரும் சேர்ந்தால் தரகர்களின் கண் அங்கே போகாமல் இருக்குமா?

ஒரு குடும்பம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் படிக்கிறவர்களில் பலர் "இது எங்கள் வீட்டுக் கதை" என்பார்கள்.

அப்பா ரெயில்வேயில் வேலை பார்த்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கிரவுண்டு வாங்கினார். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா பழைய பெருங்களத்தூரில் தனியாக இருக்கிறார். மகன் சார்ஜாவில். மகள் அமெரிக்காவில்.

ஒரு நாள் அம்மா போனில் சொல்கிறார்:

"ஏம்ப்பா, தரகர் ஒருத்தர் வந்திருந்தாரு. மனைக்கு நல்ல விலை வருதாம். நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினாப் போதுமாம். மத்ததெல்லாம் அவரே பார்த்துக்குவாராம்."

இந்த "மட்டும்" என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில், மனை யாருடையது? அப்பா தன் பணத்தில் வாங்கியது. அவர் இந்து, உயிலும் இல்லை. ஆகவே 1956-ம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. ஆளுக்கு 800 சதுர அடி. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்தால், அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

மகன் ஒருவர் கையெழுத்தால் முழு மனையையும் விற்க முடியாது. "தங்கச்சிக்குத்தான் கல்யாணத்தில் செய்தாகிவிட்டதே" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. மகள் தன் பங்கை வேண்டாம் என்றால், விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். போனில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது போதாது.

ஆக, அம்மா நேரில் கையெழுத்துப் போடலாம். மகனும் மகளும் ஊருக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் பவர் அனுப்ப வேண்டும்.

பவர் என்றால் என்ன?

பவர் என்று நாம் சொல்வது அதிகாரப் பத்திரம். பழைய காலத்தில் முக்தியார் நாமா என்பார்கள். "நான் அங்கே இல்லை. எனக்குப் பதிலாக இவர் இந்த வேலையைச் செய்வார்" என்று எழுதிக் கொடுப்பது. அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டவர் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். நம்முடைய கை நீண்டு அங்கே போய் வேலை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து பவர் அனுப்ப முறை உண்டு. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதைச் சொல்கிறது. அந்த நாட்டு நோட்டரி, நீதிபதி, மாஜிஸ்திரேட்டு அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அதற்கு அத்தாட்சி செய்ய வேண்டும்.

நோட்டரியிடம் போனால் இன்னொரு முத்திரையும் கேட்பார்கள். அதற்கு அப்போஸ்டில் என்று பேர். "இந்த நோட்டரி உண்மையான நோட்டரிதான்" என்று அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கும் சான்று அது. இந்தியா 2005 முதல் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. அமெரிக்கா முன்பே இருந்தது. சிங்கப்பூர் 2021-ல் சேர்ந்தது. எல்லா நாடுகளும் இதில் இல்லை. குழப்பம் வேண்டாம் என்கிறவர்கள் நேரே இந்தியத் தூதரகத்துக்குப் போய்விடலாம். பாஸ்போர்ட்டு, போட்டோ, சாட்சிகள் என்று அவர்கள் கேட்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் லீவு மிச்சம்.

பத்திரம் தபாலிலோ கூரியரிலோ இங்கே வந்து சேர்ந்ததும் ஒரு வேலை இருக்கிறது. வந்த நாளில் இருந்து 3 மாதத்துக்குள் அதற்கு இந்திய முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் ஆபீசில் இதைச் செய்வார்கள். வந்த தேதிக்கு என்ன அத்தாட்சி? கவர்தான்! பலர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கவரைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு பதிவு செய்ய முடியாது. அசல் காகிதம் வர வேண்டும்.

லீவில் ஊருக்கு வரும்போது இங்கேயே பவர் எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு. அப்படி இங்கே எழுதினால், தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால் அது செல்லாது.

காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

பவரை யார் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் தரகர் சொல்லி, அச்சில் உள்ள மாதிரியைப் பார்த்து யாரோ எழுதி அனுப்புகிறார்கள். மகன் வேலை முடிந்து வந்து களைப்போடு அதைப் பார்க்கிறார். நாலு பக்கம். சட்டத் தமிழ். கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? விற்கலாம், அடமானம் வைக்கலாம், முன்பணம் வாங்கலாம், ரசீது கொடுக்கலாம், வழக்குப் போடலாம், ராஜி செய்துகொள்ளலாம், எமக்காக அவர் எதைச் செய்தாலும் நாமே செய்ததாக ஒப்புக்கொள்கிறோம்!

வீட்டு வரி கட்டுவதற்கும் வாடகை வாங்குவதற்கும் ஆள் வேண்டும் என்றுதான் பவர் கேட்டிருப்பார்கள். அதற்கு "விற்க" என்ற சொல் எதற்கு? அந்த ஒரு சொல் இருந்தால், ஏஜெண்டு நாளைக்கே கிரயம் எழுதிக் கொடுக்கலாம். வாங்கியவர் பணம் கொடுத்து நம்பிக்கையோடு வாங்கியிருந்தால், "நான் அதற்காகக் கொடுக்கவில்லை" என்று மகன் பிறகு சொல்வதற்கு மதிப்புக் குறைவு. கையெழுத்து அவருடையது ஆயிற்றே!

வரி கட்டுகிற பவர் வேறு. விற்கிற பவர் வேறு. தனித்தனியாக எழுத வேண்டும். விற்கத்தான் பவர் என்றால் எந்த மனை, என்ன சர்வே எண், இன்ன விலைக்குக் குறையாமல், இன்ன தேதி வரைக்கும் என்று எழுதிவிட வேண்டும். பணம் ஏஜெண்டின் கைக்குப் போகாமல், சொந்தக்காரரின் பேங்கு கணக்குக்கே போக வேண்டும் என்பதையும் எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன்.

"சொந்த மாமாவுக்கே இத்தனை நிபந்தனையா? கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்பார்கள். கோபிப்பார்தான். ஆனால் நல்ல மாமாவுக்கும் இது பாதுகாப்பு. நாளைக்கு "குறைந்த விலைக்கு விற்றுவிட்டார்" என்று யாரும் அவரைப் பேச முடியாது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே மனை வாங்குகிறவர்களும் பவரில் ஏமாறுவது உண்டு. "கிரயம் பிறகு செய்துகொள்ளலாம், இப்போது பவரும் ஒப்பந்தமும் போதும்" என்று முழுப் பணத்தையும் வாங்கிவிடுவார்கள். அப்படி வாங்கியவருக்குச் சொத்தில் உரிமை வராது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011 அக்டோபர் 11-ந் தேதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதிவான கிரயப் பத்திரம் வந்தால்தான் சொத்து நம்முடையது.

செட்டியார்கள் செய்தது என்ன?

கடல் கடந்த சொத்தை ஆள் வைத்து நடத்துவது தமிழர்களுக்குப் புதிது அல்ல.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் பெரிய அளவில் வட்டிக்கடை நடத்தினார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை ரங்கூனிலோ உள்நாட்டு ஊரிலோ இருக்கும். நடத்துகிறவர் ஏஜெண்டு. அவர் கையில் முதலாளி கொடுத்த பவர் இருக்கும்.

நம்முடைய பவருக்கும் அவர்களுடைய பவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அவர்கள் ஏஜெண்டுக்குத் தவணை வைத்தார்கள். பொதுவாக 3 ஆண்டு. தவணை முடிந்தால் அவர் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அடுத்த ஆள் போவார். இடையிலும் கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். சொந்த சாதி, சொந்தக்கார ஆள் என்று கணக்கை விட்டுவிடவில்லை.

1930-களில் விலை வீழ்ச்சி வந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. நிலங்கள் கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 100-க்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 பங்கு ஆயிற்று. பிறகு யுத்தம் வந்தது. 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. எல்லாம் போயிற்று. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதற்கும் நியாயம் உண்டு. அது வேறு கதை.

நமக்கு வேண்டியது அந்தத் தவணையும் கணக்கும். இந்தியாவின் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், கேட்டால் ஏஜெண்டு கணக்குக் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது. நம்மவர்கள் கேட்பது இல்லை!

ஆள் போனால் பவரும் போகும்

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் அந்த நிமிஷமே முடிந்துவிடும். வாங்கிய ஏஜெண்டு இறந்தாலும் முடிந்துவிடும். பொதுவான சட்டம் இதுதான்.

வெளிநாட்டில் ஒருவர் இறந்த சேதி இங்குள்ள பதிவு ஆபீசுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால்தான் பவரை வைத்துக் கிரயம் எழுத வருகிறவரிடம், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். "உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குச் சான்று?" என்று சிலர் சீறுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இறந்தவரின் பவரை வைத்து மனையை விற்றால் பாதிக்கப்படுவது அவருடைய மனைவி மக்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜெண்டிடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்தச் சொத்தில் அவருக்கும் ஒரு பாத்தியதை ஏற்படும்படி பவர் கொடுத்திருந்தால், அதை இஷ்டம்போல் ரத்து செய்ய முடியாது. அடுக்கு வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் பவரில் இந்தத் தகராறு வரும். வக்கீலிடம் காட்டாமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வந்த கதவு மூடியது

இனி, மோசடிப் பத்திரத்தைப் பற்றிப் பார்ப்போம்.

ஆள்மாறாட்டம் செய்தோ, போலிப் பவரைக் காட்டியோ யாராவது பத்திரம் பதிவு செய்துவிட்டால் என்ன செய்வது? "பதிவு ஆனது ஆனதுதான். கோர்ட்டுக்குப் போய் ரத்து வாங்கி வாருங்கள்" என்று பதிவு ஆபீசில் சொல்வதே வழக்கமாக இருந்தது. சார்ஜாவில் இருக்கிறவர் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் கோர்ட்டுப் படி ஏறி இறங்க முடியுமா?

தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. 77-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. 2022 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது. மோசடிப் பத்திரம் என்று தெரிந்தால் மாவட்டப் பதிவாளரே விசாரித்து ரத்து செய்யலாம் என்று அந்தப் பிரிவு சொன்னது. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு நிம்மதி. மனுப் போட்டால் போதும் என்று நினைத்தார்கள்.

அந்த நிம்மதி 2 ஆண்டுதான் இருந்தது. 2024-ல் சென்னை ஐகோர்ட்டு, அந்த 77-ஏ பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்புக் கூறியது.

இதைக் கேட்டுப் பலர் வருத்தப்பட்டார்கள். மறுபக்கத்தையும் பாருங்கள். நீங்கள் நேர்மையாகப் பணம் கொடுத்து ஒரு மனை வாங்குகிறீர்கள். யாரோ ஒருவர் மாவட்டப் பதிவாளரிடம் மனுப் போடுகிறார். ஒரு சின்ன விசாரணையில் உங்கள் பத்திரம் ரத்து ஆகிறது. ஒப்புக்கொள்வீர்களா? சொத்து யாருடையது என்று தீர்மானிப்பது சிவில் கோர்ட்டின் வேலை. சாட்சியை நிறுத்தி, குறுக்கு விசாரணை செய்துதான் தீர்மானிக்க வேண்டும். இது பழைய நியாயம். இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் தனியாக இருக்கிற அம்மாவுக்கு அந்த நியாயம் எத்தனை வருஷத்தில் கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு அரசாங்கம்தான் வழி தேட வேண்டும். விரைவாக முடிக்கிற கோர்ட்டுகள் இல்லாமல், "கோர்ட்டுக்குப் போ" என்று சொல்வது பாதி மருந்துதான்.

போலீசில் புகார் கொடுக்கலாம். நில அபகரிப்பு வழக்குகளுக்காக 2011-ல் போலீசில் தனிப் பிரிவுகள் ஏற்பட்டன. தாம்பரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் 2022 ஜனவரி முதல் இருக்கிறது. போலிக் கையெழுத்துப் போட்டவரைப் போலீசார் கைது செய்யலாம். ஆனால் அவர் ஜெயிலுக்குப் போனாலும் பத்திரம் ரத்து ஆவது இல்லை. அதற்குச் சிவில் கோர்ட்டுத்தான்.

சாட்சிக் கூண்டுக்கு ஏஜெண்டு போகலாமா?

வழக்கை ஏஜெண்டு மூலம் போடலாம். வக்கீல் வைக்கலாம். ஆனால் ஒரு தடை இருக்கிறது. சொந்தக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை ஏஜெண்டு அவருக்குப் பதிலாகச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "நான் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை" என்று மகன்தான் சொல்ல வேண்டும். மாமா சொன்னால் எடுபடாது.

அதற்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் விமானம் ஏற வேண்டுமா? வேண்டாம். வீடியோ மூலம் சாட்சி சொல்வதை ஏற்கலாம் என்று 2003-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி கேட்க வேண்டும்.

காலக்கெடுவும் உண்டு. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, அந்த மோசடி தெரிந்த நாளில் இருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். நம் மனையில் வேறு ஒருவர் "இது என்னுடையது" என்று பகிரங்கமாகக் குடியேறி 12 ஆண்டு ஓடிவிட்டால், மீட்கிற உரிமையே போய்விடக் கூடும். வெளிநாட்டில் இருந்தேன் என்று சொல்வது பொதுவாக இதற்குச் சமாதானம் ஆகாது.

மாதம் ஒரு முறை பாருங்கள்

முன்பெல்லாம் வில்லங்கம் பார்க்க சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் போய் நிற்க வேண்டும். இப்போது பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். காசு இல்லை. பட்டாவையும் அப்படியே பார்க்கலாம். சார்ஜாவில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் 10 நிமிஷம் போதும். மனையின் பேரில் புதிதாக ஏதாவது பத்திரம் ஏறியிருந்தால் வில்லங்கத்தில் தெரிந்துவிடும்.

பெருங்களத்தூர்க்காரர்கள் இங்கே ஒரு சிக்கலில் மாட்டுவார்கள். ஊர் நகரவில்லை, ஆனால் ஊரின் விலாசம் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது! பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா என்று இருக்கக் கூடும். பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று ஆயிற்று. 1997-ல் காஞ்சீபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம். பேரூராட்சி போய் மாநகராட்சி. சர்வே எண்ணிலும் உட்பிரிவு வந்திருக்கும்.

ஆகவே பழைய பத்திரத்தில் உள்ள எண்ணை மட்டும் போட்டுத் தேடிவிட்டு "வில்லங்கம் இல்லை" என்று சந்தோஷப்படக் கூடாது. இன்றைய உட்பிரிவு எண் என்ன, இன்று எந்தப் பதிவு ஆபீசு, முன்பு எந்த ஆபீசு என்று மூன்றையும் அம்மாவின் பீரோவில் உள்ள காகிதங்களோடு ஒத்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலி மனை வரியை மாநகராட்சிக்கு உங்கள் பேரிலேயே கட்டுங்கள். வரி ரசீதோ பட்டாவோ மட்டும் சொத்துரிமையைத் தந்துவிடாது. ஆனால் சொந்தக்காரர் சொத்தை மறக்கவில்லை என்பதற்கு அவை சாட்சி. பழைய மனைப்பிரிவாக இருந்தால், அனுமதி பெற்றதா, 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் ஒழுங்கு செய்ததா என்றும் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்குள் விற்ற மனைகளுக்காக வந்த திட்டம் அது. இந்தச் சேதி தெரியாமலே இருந்துவிட்ட வெளிநாட்டுக்காரர்கள் உண்டு.

விற்ற பணத்தைப் பற்றி இரண்டு வரி. வெளிநாட்டில் வசிக்கிறவரிடம் சொத்து வாங்குகிறவர், வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். பணம் இங்குள்ள கணக்கில் சேர்ந்த பிறகு, வரிக் காகிதங்களைக் காட்டி ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டு போகலாம். ஒரு கிரவுண்டுக்கு இது தாராளம்.

ரத்து செய்வது எப்படி?

கொடுத்த பவரைத் திரும்ப வாங்கலாம். போனில் "இனிமேல் நீங்கள் பார்க்க வேண்டாம்" என்றால் தீர்ந்துவிடாது. ரத்துப் பத்திரம் எழுத வேண்டும். ஏஜெண்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ரத்து ஆன சேதி தெரியாமல் வெளியார் ஒருவர் ஏஜெண்டை நம்பி வாங்கிவிட்டால் அவர் பக்கம் சட்டம் நிற்கும். ஆகவே பதிவு ஆபீசுக்கு எழுதுங்கள். குடியிருப்பவருக்குச் சொல்லுங்கள். பத்திரிகையில் விளம்பரமும் கொடுக்கலாம். அசல் பவரைக் கையில் திரும்ப வாங்கிவிடுங்கள்.

நம்முடைய கற்பனைக் குடும்பம் என்ன செய்தது?

மகனும் மகளும் தரகருக்குப் பவர் கொடுக்கவில்லை. அம்மாவின் பேருக்கே கொடுத்தார்கள். ஒரே மனை, ஒரே வேலை, 6 மாதத் தவணை. குறைந்த விலையும் எழுதியிருந்தது. பணம் மூன்று பேங்கு கணக்குகளுக்குத் தனித்தனியாகப் போக வேண்டும் என்றும் எழுதியிருந்தது. மகள் அனுப்பிய பவர் வந்த கவரை அம்மா கிழிக்காமல் ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்தார். பீரோவில் மூலப் பத்திரத்தோடு வைத்தார்.

தரகர் மறுபடியும் வந்தார். "எல்லாம் ரெடிங்களா அம்மா?" என்றார்.

"விலையை ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. ராத்திரி பிள்ளைங்க போன் பண்ணுவாங்க. கேட்டுச் சொல்றேன்" என்றார் அம்மா.